ஏழாவது ஆள்

— அந்தப் பதினாலாவது வரியை மட்டும் எடுத்துடுக்கா. மத்ததெல்லாம் அப்படியே அச்சடிச்சுக்கோ, நான் வாயே திறக்கமாட்டேன்.

— உன்னை உங்க ஐயா அனுப்பினாரா?

— இல்லக்கா. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது.

— ஏன்டா, நாடாளுமன்றத்துல உட்கார்றது அவரு. இந்த நோட்டீஸ்ல நாங்க மார்க் போடுறதும் அவருக்குத்தான். அவரே சும்மா இருக்கார், அவரோட செயலாளர் உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— டீச்சர், அக்கா தம்பி பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாமே. பிளேட்டை மிஷின்ல மாட்டியாச்சு. மணி ரெண்டரை. நாலு மணிக்கு நூலகத்துல கூட்டம்னு நீங்கதான் சொன்னீங்க. ஐந்நூறு தாள் ஓடணும், காயணும், மடிக்கணும். நான் சொல்றது சரிதானே?

— சரிதான்ணே, ஓட்டுங்க.

— ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் அண்ணே! அக்கா, மேல பாரு. சபை கூடினது அறுபத்திரண்டு நாள். அவர் வந்தது அம்பத்தெட்டு. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ணணும்?

— கையெழுத்துப் போட்டதுதான் அம்பத்தெட்டு. தபால்காரர், நர்ஸம்மா, நான்னு ஆறு பேர் உட்கார்ந்து ஒளிபரப்பை முழுசா பார்த்தோம். ஓட்டெடுப்பு நேரத்துல அவர் இருக்கையில இருந்தது முப்பத்தொரு நாள். பதிவேட்டுல பேர் இருக்கிறவன் எல்லாம் பாடம் கவனிச்சான்னு நான் எந்த வகுப்புலயும் நம்பினதில்ல.

— நூத்திப்பத்து கேள்வி கேட்டிருக்கார்!

— அதுல எண்பது, மத்தவங்க கேட்டதையே திருப்பிக் கேட்டது. கேள்வியை எண்ண வேண்டாம், அதனால என்ன நடந்ததுன்னு பார்ப்போம்னு முதல் நாளே முடிவு பண்ணினோம். நல்லதையும் மறைக்கல. குடிதண்ணிக் குழாய்க்காக நாலு தடவை விடாம கேட்டு வேலையை முடிச்சுக் கொடுத்தார். எட்டாவது வரியில இருக்கு, பாரு. கணக்குன்னா ரெண்டு பக்கமும் கணக்குதான்.

— அப்ப பதினாலாவது?

— அதையும் என் வாயால சொல்லணுமா? கொதிகலன் பாதுகாப்புச் சட்டத்தை அலசறதுக்கு ஒரு குழு போட்டாங்க. கூட்டம் நடக்க ஏழு பேர் வேணும். மார்ச் பதினேழு, வந்தது ஆறு பேர். உங்க ஐயா வரல. கூட்டம் கலைஞ்சுது, சட்டம் அடுத்த வருஷத்துக்குப் போச்சு. ஜூலையில உங்க அத்தான் வேலை பார்த்த ஆலையில வெடிச்சது, ஒம்பது வருஷமா யாரும் சோதிச்சுப் பார்க்காத கொதிகலன். சட்டம் வந்திருந்தா ஜூன்லயே அதை மூடியிருப்பாங்க. அவரோட ரெண்டு கையும் இப்ப மடங்கறதில்ல. மூணு வேளையும் நான்தான் ஊட்டி விடுறேன்.

— தெரியும்க்கா.

— என்னத்தத் தெரியும்? ஆஸ்பத்திரி வாசலோட திரும்பிப் போனவன்தானே நீ? மூணு மாசமாச்சு, அவர் முகத்தை ஒரு தடவை வந்து பார்த்தியா? தினமும் உன்னைத்தான் கேக்குறார்.

— டீச்சர், இன்னும் பேசிக்கிட்டே இருந்தா ஈரத் தாளைத்தான் கையில கொடுப்பேன்.

— ஓட்டுங்கண்ணே. இவன் கெடக்கான்.

— அக்கா... நீங்க ஆறு பேரும் அனுப்பின கடிதம் ஐயா கைக்கே போகல.

— எது?

— பத்து நாளைக்கு முன்னாடி அனுப்பினீங்களே, பதிவுத் தபால். இதுக்கெல்லாம் உங்க பதில் என்னன்னு கேட்டு. பிரிச்சுப் படிச்சேன். என் மேஜை டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன்.

— அண்ணே, நிறுத்துங்க! மிஷினை நிறுத்துங்க!

— நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு. பத்துத் தாள்தான் விழுந்திருக்கு. என்னாச்சு டீச்சர்? உட்காருங்க.

— அவரைக் கேக்காம அவரைப் பத்தி ஒரு வரியும் போடக்கூடாதுங்கிறதுதான்டா நாங்க வெச்ச முதல் விதி. பதில் வரல, சரி, திமிருன்னு நெனச்சேன். இப்ப அத்தனை பேர் முன்னாடி வெறுங்கையோட போய் நிக்கணும். ஏன்டா மறைச்ச? அவர் மானம் போயிடும்னா?

— அவர் மானம் இல்லக்கா. அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தா ஒரே வரியில பதில் எழுதியிருப்பார். கூட்டம் ரத்துன்னு என் செயலாளர் சொன்னான், அதனால போகலன்னு.

— ரத்தாகலையே.

— ஆகல.

— என்னைப் பார்த்துப் பேசு. பொய் சொன்னியா? எதுக்கு? ஆலைக்காரங்க யாராவது உன்னைப் பிடிச்சாங்களா?

— ஐயோ, இல்லக்கா! லீவு கேட்டேன், தரல. அன்னைக்கு இங்க ஊர்லதான் இருந்தோம், மத்தியானக் கூட்டத்துக்கு அவர் விமானம் ஏறினா நானும் ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போயாகணும். குழுவுல பதினஞ்சு பேர் இருக்காங்க, ஒரு ஆள் போகலேன்னா என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்.

— அப்படி என்னடா தலைபோற வேலை உனக்கு அன்னைக்கு?

— காலையில அத்தான் போன் பண்ணினார்க்கா. வீடு மாத்த லாரி வந்து நிக்குது, பீரோவைத் தூக்க ஆள் இல்ல, நீயாவது வா மாப்ளன்னார்.