காதுப் பொருத்தம்

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஹெட்போன் பொருந்துவது கொஞ்சம் சிரமம்தான். நீங்கள் இந்த அறைக்குள் வந்ததும் உங்கள் கண்ணாடியின் காலைத்தான் முதலில் பார்த்தேன். தொழில் பழக்கம், தவறாக நினைக்காதீர்கள். தடித்த கால். காது மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே அது ஒரு சிறு சந்து உண்டாக்கிவிடும். அந்தச் சந்து வழியாக முதலில் ஓடிப்போவது அடிச்சத்தம். டிரம்மும் பேஸ் கிட்டாரும் இளைத்துப்போய்க் கேட்கும். ஹெட்போன் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பீர்கள். மெல்லிய கால் உள்ள கண்ணாடியாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், அதிகாரி. ஆனால் இந்தச் சந்து விஷயம் புரியாவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் புரியாது.

என் பெயர் குராமோச்சி ஷூஹெய். கோஎஞ்சியில் ஒரு சோபா நூடுல்ஸ் கடையின் மாடியில் நானும் என் மனைவி சயோரியும் ஹெட்போன் செய்து விற்றோம். பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். சேர்ந்தே அதை விட்டு வந்தோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். தலைப்பட்டை, காது மெத்தை, தலையை எவ்வளவு கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஒலி அவள் பொறுப்பு. ஒரே அச்சில் செய்த இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, "இதுல பசை இன்னும் காயல" என்பாள். பிரித்துப் பார்த்தால் காய்ந்திருக்காது. அப்படிப்பட்ட காது.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் ஹெட்போன் கண்காட்சிகளில் எங்கள் மேசைக்கு முன்னால்தான் நீண்ட வரிசை நிற்கும். ஆட்கள் சொந்தப் பாட்டுகளைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக் கேட்டு, எழுந்து அவளுக்குக் குனிந்து வணங்குவார்கள். நான் பின்னால் நின்று, ஒவ்வொருவரும் எழுந்ததும் மெத்தையைத் துடைத்து வைப்பேன். ஹொசுமி என்று ஒரு விமர்சகர். அவர் நல்லது என்று எழுதினால் விற்கும். ஓர் இலையுதிர் காலக் கண்காட்சியில் அவர் என்னைக் காட்டி, "சயோரி சான், இவரு யாரு? ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், பேசவே மாட்டேங்கிறாரே" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு. மெத்தை தைக்கிறவரு."

"அப்ப நீங்க நல்லாத் தூங்கலாம்னு சொல்லுங்க."

"அட நீங்க வேற. காதுக்குத்தான் தைக்கிறாரு. முதுகுக்கு இன்னும் ஆர்டர் வரல."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமானவன் இல்லை.

அதே இலையுதிர் காலத்தில் ஒரு காலை, அப்பா இறந்துவிட்டார் என்று சொந்த ஊரான அகிதாவிலிருந்து என் அக்கா போன் செய்தாள். சயோரி மேசையில் ஹெட்போனோடு இருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினாள். இரு, என்று அர்த்தம். இருந்தேன். பாட்டு முடிந்தது. அதையே மறுபடி முதலிலிருந்து வைத்தாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். புல்லட் ரயிலில் உட்கார்ந்த பிறகு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் அன்று மாலையே வந்து சேர்ந்தாள். உண்மையாகவே அழுதாள்.

"சொல்லியிருக்கலாமே ஷூ. தோளத் தொட்டிருக்கலாமே."

அவள் சொன்னது சரி. தொட்டிருக்கலாம். அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் அவளுடைய வேலை ஹெட்போனுக்குப் புது மெத்தை கேட்டாள். பழையது வெடித்திருந்தது. ஆட்டுத்தோலில்தான் தைத்தேன், வழக்கமான தோல். ஆனால் காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரு சிறு குழி இருக்கும். அந்த இடத்தில் நுரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் மெத்தை முகத்தோடு ஒட்டும். நான் அங்கே நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை மேலே இழுத்துத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இதுவரை நான் தைத்ததிலேயே அழகான தையல் அதுதான்.

அவள் போட்டுப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"அழுத்துனா அடிச்சத்தம் வருது, விட்டா போயிடுது. எங்கயோ காத்து போகுது ஷூ. மெத்தையா?"

"மெத்தை புதுசு. உன் கண்ணாடியா இருக்கும்."

பாருங்கள், கிட்டத்தட்டக் கண்டுபிடித்தேவிட்டாள். ஆனால் நான் சொன்னதை நம்பினாள். பொருத்தம் என் பொறுப்பு. என் பொறுப்பில் அவள் என்றுமே தலையிட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் போட்டுக்கொண்டாள். அது அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். காற்று போவது நிற்கவில்லை. முடி மாட்டுகிறது என்றேன். இடுப்புவரை தொங்கிய முடியைக் காதோரம் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "இப்ப பாரு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கேன்ல?" என்றாள். அம்மா கொடுத்த முத்துத் தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். பிறகு நான் அவள் முகம் ஒடுங்கிவிட்டது என்றேன். "கன்னத்துல சதையே இல்ல, மெத்தை எதுல போய் ஒட்டும்?"

அதற்காக நானே சமைத்தேன். விலாங்கு மீன் சோறு, பன்றி இறைச்சிக் கறிசோறு. வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு கிண்ணம் வைப்பேன். அவள் முகம் தேறியது. தேறத் தேற அடுத்த ஜோடி மெத்தையில் நுரையை இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.

வேறு ஹெட்போனைப் போட்டுப் பார்த்திருப்பாளே என்பீர்கள். பார்த்தாள். எதையும் அவள் தலைக்கு வளைத்துக் கொடுப்பவன் நான்தானே; தளர்த்தியே கொடுத்தேன். அளக்கும் கருவியிலும் வைத்துப் பார்த்தாள். கருவிக்கு வைக்கும்போது நல்ல மெத்தையை மாட்டிக் கொடுத்தேன். கருவி எல்லாம் சரி என்றது. அதன்பிறகு அவள் ஹெட்போனைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

சத்தம் கூட்டும் திருகை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது அவள் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. தொலைந்துபோன அடிச்சத்தத்தைத் தேடி அவளே திருப்பினாள். அடிச்சத்தம் வரும்வரை திருப்பினால் மற்ற சத்தமெல்லாம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று உங்களுக்கே புரியும். காலையிலிருந்து மாலைவரை, வாரம் முழுக்க, வருஷக் கணக்கில். நான் எதிர்மேசையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல் வந்தது. ஓட்டை மெத்தையில் கேட்டு அவள் சரிசெய்த ஒலி, நல்ல மெத்தையில் கேட்கிறவருக்கு அடிச்சத்தமாக இடித்துத் தள்ளும். அப்படியே அனுப்பினால் அவள் பெயர் கெட்டுவிடும். அதனால் பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே துணி வைத்து, நானே ஒலியைத் திருத்தினேன். எனக்கும் காது இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஹெட்போன்களைப் பற்றி ஹொசுமி பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். சயோரியின் காது முதிர்ந்துவிட்டது, இதுவரை அவர் தந்ததிலேயே சிறந்த ஒலி இதுதான் என்று. அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். அவளை எவ்வளவு தூரம் காப்பாற்றினேன் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தபோது, "எங்கயோ சில்வண்டு கத்துதுல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. அதன்பிறகு அந்தச் சில்வண்டு அவளை விட்டுப் போகவில்லை. சோறு வேகும் குக்கர் கூவுவது அவளுக்குக் கேட்காமல் போனது. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்பும் திரும்பியதில்லை என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். நான் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே இருந்தேன். டாக்டர் ஒரு பெண்மணி. "ரொம்பச் சத்தமா பாட்டு கேப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நானா? சத்தத்தக் குறைங்க, காது போயிடும்னு வாங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்றவளே நான்தான்."

திரும்பும் ரயிலில் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்: "நீ எதிர்லயே இருக்கியே ஷூ. நான் சத்தமாவா வெக்கிறேன்?"

"கொஞ்சம்."

"சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பிறகாவது நிறுத்தினாயா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சயோரி திருகுக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை ஒட்டி, இதைத் தாண்டக் கூடாது என்று தனக்கே விதி வைத்தாள். என்னிடம், "ஒருதடவ, ஒரே ஒருதடவ, என் காதுக்கு அளவெடுத்து நல்லா தெச்சுக் குடு ஷூ. கொஞ்சமா வெச்சாலும் முழுசா கேக்குற மாதிரி" என்றாள். தாடையை என் கையில் வைத்து அளக்கக் கொடுத்தாள். அளந்தேன். தைத்தேன். அதுவும் முந்தையதைப் போலத்தான். கோடை வருவதற்குள் சிவப்புப் பட்டையைத் தாண்டியிருந்தாள்.

அடுத்த வருஷம் அவளால் வேலை செய்ய முடியவில்லை. வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டாள். கண்காட்சிக்குப் போகவில்லை. ஹொசுமி பூங்கொத்து அனுப்பினார். எங்கள் வீட்டில் அதுபோல நிம்மதியான நாட்கள் இருந்ததில்லை. நான் பேச வாயெடுத்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்: "காது போனா போகுது, கை இருக்கு. உன் வேலையக் கத்துக்குடு. இவ்வளவு நாளா அது எவ்வளவு பெரிய வேலைன்னு நான் யோசிக்கவே இல்ல."

எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்து அவள் என்ன செய்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், ஆனால் எதிர்பார்க்கவில்லை.

தோல் வாங்க அசாகுசாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் நுரைகள் வரிசையாகக் கிடந்தன. எப்படித் தைத்திருக்கிறேன் என்று பார்ப்பதற்காகத் தன்னுடைய பழைய மெத்தைகள் எல்லாவற்றையும் பிரித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் சுரண்டல். பக்கத்திலேயே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு மெத்தையின் நுரை, முழுசாக.

"இது நீ செஞ்சதா?"

"ஆமா."

"என்னது?"

அருகில் போய்ச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனமில்லை போலிருக்கிறது, தலை குனிந்து காதைத்தான் நீட்டினாள். அதனால் கத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கத்தினேன். "நான்தான் செஞ்சேன். தெரிஞ்சே செஞ்சேன். உன் காது போகணும்னுதான் செஞ்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அதற்கு முன் என் மனசுக்குள்கூட நான் சொல்லிப் பார்த்ததில்லை. கீழே சோபா கடையில் மாவு வெட்டும் கத்தியின் சத்தம் நின்றுபோனது.

சயோரி நிமிர்ந்து, வெட்டப்பட்ட தன் முடியைத் தொட்டாள். "அப்ப முடியில ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கண்ணாடியிலயும்?"

மறுபடி தலையாட்டினேன். அவள் அழவில்லை. நுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பைக்குள் போட்டாள். கீழ்க்கடை உமெசு அம்மா கையெல்லாம் மாவோடு படியேறி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உங்களுக்குப் போன் செய்தது அவர்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பை உங்களிடம் இருக்கிறது.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். சயோரி நீகாதாவில் தம்பி வீட்டில் இருக்கிறாள், சைகை மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று நேற்று சொன்னீர்கள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். விதிமுறை இடம் கொடுத்தால் அந்தப் பாடப் புத்தகம் எனக்கும் ஒன்று வாங்கித் தாருங்கள். இங்கே எனக்கு நேரம் இருக்கிறது, விரல்களும் பழக்கப்பட்டவை. நான் வெளியே வரும்போது அவளோடு பேச ஒரு ஆள் வேண்டாமா? தம்பி வேலைக்குப் போகிறவன். நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருப்பாள், பாவம். என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?