இடக்கைக்காரன் வெட்டின மீன்

இல்லைப் பிள்ளை, நான் ஒட்டுக்கேக்கேல்லை. நீர் போனிலை கதைச்சது டிரைவருக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் போய் இறங்கின கையோடை சூஷி சாப்பிடப்போறன், ஒரு மாசமாச் சோறும் கறியும் திண்டு அலுத்துப்போச்சு எண்டு சொன்னீரோ இல்லையோ? சொன்னனீர். பிறகென்ன. அந்தப் பையை எடுத்து மடியிலை வையும், நான் இருக்கிறன். முன் சீற்றிலையிருந்து எழும்பி வந்ததே உதுக்குத்தான்.

ரொறன்ரோதானே? ஓம், அதுவும் கேட்டது. எந்தக் கடைக்குப் போறதா யோசனை?

சீ! உதுக்கோ? உது தட்டு ஓடுற கடையெல்லே. பெல்ற்றிலை தட்டு சுத்திச் சுத்தி வரும், சனம் பாத்துக்கொண்டிருந்து எடுத்துத் தின்னும். சோறு காய்ஞ்சு கிடந்ததாம், ரெண்டு மாசத்துக்கு முன்னம் ஒருத்தி எழுதியிருக்கிறாள். நான் போனதோ? நான் கொழும்பைத் தாண்டினதில்லை. சூஷி எண்டு ஒண்டை வாயிலை வைச்சதுமில்லை. ஆனா ரொறன்ரோவிலை இருக்கிற யப்பான் கடையளைப் பற்றி உம்மிலும் பாக்க எனக்குக் கூடத் தெரியும். சிரியாதையும். இந்தாரும், கொப்பி. பிரிச்சுப் பாரும்.

என்ரை எழுத்துத்தான். கொன்வென்ரிலை பழகின எழுத்து. ஆக்கள் எழுதிப் போடுற ரிவியூ ஒண்டு விடாமல் வாசிச்சு எழுதினது. முதல்லை பதினேழு கடை இருந்தது. வெட்டி வெட்டி அஞ்சுக்குக் கொண்டுவந்திட்டன். நீர் எங்கை இறங்கிறது? உடுப்பிட்டிச் சந்தியோ? அப்ப நேரமிருக்கு. நான் நீர்வேலியிலை இறங்கவேணும், கோயில் பெருநாளுக்கு ரெண்டு குலை இதரை வாழைப்பழம் சொல்லி வைச்சிருக்கு.

அந்தத் தட்டு ஓடுற கடையை ஏன் வெட்டினனான் எண்டா, அங்கை குசினி சுவருக்கு அங்காலை. மீன் வெட்டுறவனைக் காணேலாது. வெட்டுறவனைக் காணாட்டிப் போய்ப் பிரயோசனமில்லை. ஸ்காபுறோவிலை ஒரு கடை, ஏலுமட்டும் தின்னலாம் எண்டு போட்டிருக்கிறான். எங்கடை சனம் பிறந்தநாளுக்குப் பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு போற இடம். அதையும் வெட்டியாச்சு. எங்கடை சனம் போற இடத்திலை அவன் நிக்கமாட்டான்.

ஆரோ? மகன். றஜிந்தன். எனக்கு ஒரே பிள்ளை.

ஓம், சூஷி வெட்டுறவன். எந்தக் கடையெண்டு தெரிஞ்சா உம்மோடை நான் ஏன் மினக்கெடுறன்? ஒரு வருசமாகப் போகுது, கதையில்லை. நம்பரும் மாறிப்போச்சு. இருக்கிறான், அது தெரியும். கெட்ட செய்தியெண்டா எங்கடை குருநகருக்கு ரெண்டு மணித்தியாலத்திலை வந்து சேர்ந்திடும்.

சொந்தக்காரரோ? அங்கை ஒரு பஸ் நிறைய இருக்குதுகள். கேக்கலாம்தான். கேக்கேலாது. அதை விடும்.

இனிக் கவனமாக் கேளும். மேசையிலை போய் இருக்கிறேல்லை. கவுண்டர் எண்டு நீட்டுப் பலகை போட்டிருப்பான், அதிலை இருக்கவேணும். உமக்கு முன்னாலைதான் நிண்டு வெட்டுவினம். முகத்தைப் பாராதையும். முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் துணி, ஒரு மண்ணும் தெரியாது. கையைப் பாரும். எல்லாரும் வலக்கையிலை கத்தி பிடிச்சிருப்பினம். ஒருத்தன் இடக்கையிலை பிடிச்சிருந்தா, அவன்.

எழுதிறது வலக்கையாலைதான். நான் பழக்கினது. மூண்டு வயசிலையே இடக்கையாலைதான் பென்சிலை எடுப்பான். அடிமட்டத்தாலை கையிலை அடி போட்டுப் போட்டு மாத்தினனான். எங்களுக்கும் சிஸ்டர்மார் அப்பிடித்தானே செய்தவை. சாப்பிடுறது, எழுதிறது, சிலுவை போடுறது, எல்லாம் வலக்கைக்குக் கொண்டுவந்தன். தேப்பன் எமில்ராஜ் என்ன செய்தவர் தெரியுமோ? எனக்குத் தெரியாமல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த இடக்கையிலையே கத்தியைக் குடுத்து மீன் வெட்டப் பழக்கியிருக்கிறார். வள்ளம் வைச்சிருந்த மனிசன். இப்ப இல்லை, காலமாகி நாலு வருசம். அவன் வெட்டினா முள்ளிலை ஒரு துளி சதை நிக்காது எண்டு பெருமை வேறை. நான் அண்டைக்கு ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடேல்லை.

ஏனெண்டு கேக்கிறீரோ? பிள்ளை, கொன்வென்ரிலை என்ரை வெள்ளைச் சட்டையை மணந்து பாத்து மூக்கைப் பொத்தினவளவை இருந்தவளவை. ஆறாம் வகுப்பிலை. அண்டைக்கே முடிவெடுத்தனான், எனக்குப் பிறக்கிறது மீன் நாறாது எண்டு. வள்ளத்தை வித்துத்தான் கனடாவுக்குப் படிக்க அனுப்பினது, கணக்கியல். ரெண்டு வருசத்திலை விட்டிட்டான். கோப்பை கழுவப் போய், மீனிலை கை வைச்சு, வெட்டுறவனா நிண்டிட்டான். ஒருநாள் போனிலை ஒரே சந்தோசம். அம்மா, இடக்கைக்காரருக்கெண்டே யப்பானிலை தனிக் கத்தி செய்யிறாங்கள், நான் ஒண்டு வாங்கியிருக்கிறன், பேரும் வெட்டியிருக்கு எண்டான். நான் என்ன சொன்னன்? ஆருக்கும் சொல்லிப்போடாதை, இஞ்சை கேட்டா பாங்கிலை வேலை எண்டு சொல்லிவைச்சிருக்கிறன் எண்டு சொன்னன். சரியம்மா எண்டான். பாவி, எதுக்கும் சரியம்மாதான்.

இந்தப் பெருவிரலோ? கத்தி வெட்டினது. கேட்டா என்னை விசர் எண்டு நினைப்பீர். நினையும். ஒரு சூரை மீன் வாங்கி, நடுமுள் எடுத்து, முதல் வலக்கையாலை துண்டு போட்டுப் பாத்தன். துண்டுகள் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. பிறகு இடக்கையாலை போட்டன். மற்றப் பக்கம் சரியுது. அதோடை விரலும் போச்சு. ஆனா விளங்கிச்சு. அண்டையிலிருந்து ரிவியூவிலை சனம் போடுற படத்தைத்தான் பாக்கிறன். ருசி, விலை ஒண்டும் எனக்குத் தேவையில்லை. துண்டு எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு எண்டு மட்டும் பாக்கிறன். நூறு படம், நூற்றைம்பது படம், எல்லாம் ஒரே பக்கம்.

நாலாவது கடையைப் பாரும், சிவப்பிலை கோடு போட்டது. எட்டுப் பேர்தான் இருக்கலாம், நீலத் துணி தொங்குது, படியாலை கீழை இறங்கிப் போகவேணும். அதிலை ஒரு வெள்ளைக்காரன் போட்ட படம். சிவத்த மீன், ஆறு துண்டு. ஆறும் மற்றப் பக்கம். படத்தைக் கண்ணாடியிலை பாத்த மாதிரி இடம் வலம் மாத்திப் போட்டுதோ எண்டு, அதிலை தெரியிற கடைப் பேரையும் வாசிச்சுப் பாத்தன். இல்லை, நேராத்தான் இருக்கு.

நீர்வேலியோ? ஓம், தாண்டியிட்டுது, எனக்கும் தெரியும். பழம் ஓடிப்போகாது. இரும்.

அந்தக் கடைக்குப் போன் எடுத்துப் பாத்தனான், எடுக்காமல் இருப்பனோ? ஆரோ ஒரு பொம்பிளை, எத்தினை பேருக்கு இடம் வேணும் எண்டு இங்கிலிசிலை கேட்டாள். என்ரை இங்கிலிசு முழுக்க எங்கை போச்சுதோ தெரியாது. வைச்சிட்டன். இன்னாற்றை தாய் கதைக்கிறன் எண்டு சொல்லவேணுமெல்லே. அதுதான் வாயிலை வரேல்லை.

ஏனோ? கேளும். நீர் இனி என்னைக் காணப்போறேல்லை, உமக்குச் சொல்லலாம்.

போன வருசப் பெருநாள். புனிதற்றை சுருவத்தைத் தூக்கிக்கொண்டு சுத்தி வருகினம். அவன் வீடியோ கோல் எடுத்தவன், பெருநாளைப் பாக்கவேணுமெண்டு. போனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், அவன் அங்கையிருந்து பாக்கிறான். அப்ப லவீனா வந்தாள், என்னோடை படிச்சவள், ரொறன்ரோவிலை இருந்து வந்து நிண்டவள். தன்ரை போனை நீட்டுறாள். ஒரு கடையிலை எடுத்த படம். வெள்ளைச் சட்டை, தலையிலை துணி, கையிலை கத்தி. மாஸ்க்கை இறக்கிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். உது உங்கடை றஜிந்தன்தானே, என்ன வடிவா வெட்டுறான் எண்டு கேட்டாள். நல்லாத்தான் கேட்டாள், நக்கலில்லை. சுத்திவரப் பத்துப் பொம்பிளையள். நான் சொன்னன், சீ, உவன் என்ரை மகனில்லை, என்ரை மகன் பாங்கிலை, உது ஆரோ மீன்வெட்டி எண்டு.

ஓம். போன் நெஞ்சிலைதான் இருந்தது.

பிறகு போனைத் திருப்பிப் பாத்தன். அவன் லைனிலைதான் இருந்தவன். சரியம்மா எண்டான். கோல் நிண்டுபோச்சு.

இப்ப விளங்குதோ, ஏன் கேக்கேலாது எண்டு? அந்தக் கடை எதெண்டு லவீனாவுக்குத் தெரியும். ஒரு வசனம் கேட்டாக் காணும். என்ரை மகனில்லாத ஒருத்தன் எங்கை வேலை செய்யிறான் எண்டு நான் என்னெண்டு அவளைக் கேக்கிறது?

வல்லை வெளி முடியுது. கொப்பியைக் கொண்டு போம். வேண்டாமெண்டு சொல்லாதையும், எனக்கு அது பாடம். முதல் நாலாவது கடை. அதிலை இல்லாட்டி மூண்டாவது, பிறகு அஞ்சாவது. கடைசித் தாளிலை என்ரை நம்பர் இருக்கு. கண்டா ஒரு மிஸ்கோல் காணும்.

என்ன சொல்லுறதோ? அம்மா அனுப்பினவ எண்டு சொல்லும். அவன் நிமிர்ந்து பாத்துப்போட்டு, அப்பிடி ஒரு ஆளைத் தனக்குத் தெரியாது எண்டு சொன்னா, மறுத்துக் கதையாதையும். அதை முதல் சொன்னது நான்தான். நீர் பேசாமல் இருந்து சாப்பிடும், கத்தி எந்தக் கை எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வாரும்.

எழும்பும், சந்தி வந்திட்டுது. பையைப் பாத்து எடும். ஒண்டு பிள்ளை, அந்தக் கறுப்புத் தண்ணி, சோயா, அதை மீனுக்கு மேலை அள்ளி ஊத்திப்போடாதையும். வெட்டினவனுக்கு முன்னாலை அப்பிடிச் செய்யிறது அவனை அவமதிக்கிறது மாதிரியாம். எழுதியிருந்தது. இறங்கும், இறங்கும், கொண்டக்டர் கத்திறான்.