மாமாவின் அடக்கத்துக்கு ஒரு ஆப்

ஆப் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை, மேடம். நான்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் குறிப்பு எழுதலாம், தேதி வைக்க முடியாது. இன்னொன்றில் தேதி உண்டு, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். மூன்றாவது, திறந்தவுடனே ‘உங்கள் குழுவின் லட்சியம் என்ன?’ என்று கேட்டது. எங்கள் லட்சியம் மாமாவை நல்லபடியாக அடக்கம் செய்வது. அதை எழுதக் கை கூசியது. அதனால் நான்காவதை வைத்துக்கொண்டேன்.

என் மாமனார் சகாயநாதன் நுரையீரல் கெட்டு ஐந்து மாதமாக வீட்டிலேயே ஆக்சிஜனில் இருந்தார். ஒரு வாரம் தாண்டாது என்றார் டாக்டர். கொழுந்தன் ஆன்டோ தோஹாவிலிருந்தும் நாத்தனார் விண்ணரசி டொராண்டோவிலிருந்தும் பத்து நாள் லீவில் வந்தார்கள். என் கணவர் ஆல்பினுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணவே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சவப்பெட்டி, பேண்டு செட், பேராவூரணி உறவுக்காரர்களுக்கு வேன், துக்க மணி அடிக்கக் கோயில்பிள்ளை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆப்பில் ஒரு கார்டு. வேலை முடிந்தால் அது பச்சையாகும். முன்கூட்டியே வெட்டிய குழியில் ஆற்றுத்தண்ணீர் ஊறியது. அதை இறைக்க ஆன்டோவுக்கு ஒரு கார்டு. அடக்கப் பூசை வியாழன் மாலை நான்கு மணி. வெள்ளிக்கிழமை ஆன்டோவுக்கு விமானம், பங்குச் சாமியாரும் தியானத்துக்குப் போகிறார். புதன்கிழமைக்குள் எல்லாக் கார்டும் பச்சை. பார்க்கவே அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாமா மட்டும் ஒத்துழைக்கவில்லை. சாமியார் எண்ணெய் பூசி, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை நன்மை கொடுத்துவிட்டுப் போன மறுநாளே எழுந்து உட்கார்ந்து, பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தார். விண்ணரசி அழுதாள்.

“இன்னொரு தடவ லீவு கேட்டா வேலையே போயிடும் அண்ணி.”

“நீங்கதான் பாத்து ஏதாவது பண்ணுங்க அண்ணி,” என்றான் ஆன்டோ.

வியாழன் காலை பதினோரு மணிக்குப் புதிதாக ஒரு கார்டு போட்டேன். ‘ஆக்சிஜன் நிறுத்தம், பன்னிரண்டு மணி. பொறுப்பு: பிரின்ஸி.’ அதாவது நான். இரண்டே நிமிடத்தில் இருவரும் கட்டைவிரல் போட்டார்கள். ஆல்பின் அந்த ஆப்பை இறக்கவே இல்லை.

பன்னிரண்டுக்கு மெஷினை அணைத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணிக்குக் கார்டை ‘முடிந்தது’ பக்கம் தள்ளினேன். பூசை சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது.

ஒரே ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆரம்பத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த எல்லோரையும் மொத்தமாக ஆப்பில் சேர்த்துவிட்டேன். மாமாவும் அந்த குரூப்பில்தான் இருந்தார். நீங்கள் இங்கே ஸ்டேஷனில் அவருடைய போனைக் காட்டிய பிறகுதான் என் கார்டுக்குக் கீழே அவர் எழுதியிருந்ததைப் படித்தேன்.

“பாத்தேம்மா. பன்னெண்டு மணிக்குள்ள கொஞ்சம் நெத்திலிக் குழம்பு வைக்க முடியுமா?”

யாராவது கமெண்ட் போட்டால் அந்த ஆப்பில் சத்தம் வராது, மேடம். பார்த்திருந்தால் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அணைத்திருப்பேன். நான் அவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவள் கிடையாது.