பாதையில் ஒரு சிவப்புத் துணி

உனக்கு முன்னாடி இங்க வாத்தியாரா இருந்தானே, அவன் பண்ணினது பச்சைத் துரோகம், டீச்சர். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா நாள் பூரா வாய் கசக்கும். நீ இந்த எடை மெஷின்ல ஏறு. காலையிலயே ஏறினியா? சரி, இன்னொரு தடவை ஏறு, தேஞ்சா போயிடுவே? பெட்டி ரெண்டையும் தூக்கிக்கிட்டு நில்லு. இந்தத் தீவுல ப்ளேனுக்கு ஏஜென்ட்டு நான்தான். ஆளை எடை போடுறதும் நான், டிக்கெட் கிழிக்கிறதும் நான், ப்ளேன் எறங்குற பாதையில ஏறுற பன்னியை வெரட்டுறதும் நான்.

ஏய், சூ. போ அந்தாண்ட. துணி மேல ஏறுது பாரு சனியன்.

அந்தத் துணியா? காத்துல பறக்கக் கூடாதுன்னு நாலு மூலையிலயும் கல்லு வெச்சிருக்கு. நீ உக்காரு. சும்மா வானத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நடந்தா ப்ளேன் வெரசா வந்துடுமா? இடுப்புல கட்டியிருக்கிற பையை வேற தொட்டுத் தொட்டுப் பாக்குறே. இங்க யாரும் திருட மாட்டாங்க. திருடினா ஓடி ஒளிய எடமே இல்ல, இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல்.

கிறிஸ்மஸ் லீவுக்குத் தலைநகரம் மஜுரோவுக்குப் போறே. போ, தப்பில்ல. ஆனா கிறிஸ்மஸ் ஆட்டத்துல முன் வரிசையில உன்னை நிறுத்தியிருந்தோம். அக்டோபர்ல இருந்து கை காலைப் பழக்கி, இப்பத்தான் நீ எடது கால் எது வலது கால் எதுன்னு தெளிஞ்சிருக்கே. நீ இல்லாம ஆடினா, கிழக்குத் தெரு கோஷ்டிக்காரிங்க கோயில்ல, ஆடுறவங்க மேல வழக்கமா எறியுற சோப்புக் கட்டியையும் மிட்டாயையும் எறியும்போதே எங்களைப் பாத்துச் சிரிப்பாளுங்க. உங்க வெள்ளைக்காரி எங்கடின்னு கேப்பாளுங்க. அந்தக் கோஷ்டித் தலைவி இருக்காளே, அவ ஒருத்தி போதும். சரி விடு, சிரிச்சிட்டுப் போகட்டும்.

மொகத்தை ஏன் தூக்கி வெச்சிருக்கே? தெரியும். வழியனுப்ப ஒரு பிள்ளைகூட வரலைன்னுதானே? நான்தான் வரக்கூடாதுன்னேன். ஆமா, நானேதான். பாதிரியார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன், எவனாவது சிப்பி மாலையோட இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிப்பேன்னு. உனக்குக் கோத்த மாலை எல்லாம் என் கடையில பத்திரமா தொங்குது. நாப்பது இருக்குமோ அம்பது இருக்குமோ, யாரு எண்ணினா.

ஏன்னா, போன வருஷம் அவனுக்குப் போட்டோம்ல. இதே மாதிரி லீவுக்குத்தான் கெளம்பினான். ரெண்டு வாரம்னான். ஊரே தெரண்டு வந்து மாலை மாலையா போட்டு, கழுத்தே தெரியல அவனுக்கு. விடை குடுக்கிற பாட்டு வேற பாடினாங்க. எங்க ஊருல அந்த அளவு மாலை போட்டாச்சுன்னா, உன் கடமை முடிஞ்சுது, நிம்மதியா போன்னு அர்த்தம். லீவுக்குப் போறவனுக்கு அதைப் போடலாமா? சந்தோஷத்துல போட்டுத் தொலைச்சாங்க. அவன் அழுதான், நாங்களும் அழுதோம். திரும்பி வருவியான்னு ஒருத்தர்கூடக் கேக்கல. விருந்தாளியை அப்படிக் கேக்கறது எங்களுக்கு அசிங்கம். வாயில வர்ற கேள்வியை முழுங்கிட்டுச் சிரிப்போம்.

வரல. ஒத்த வார்த்தை சொல்லல.

எட்டாங்கிளாஸுக்கு வாத்தியாரே இல்ல. பிள்ளைங்க நூடுல்ஸைப் பச்சையா நொறுக்கி, ஜூஸ் கலக்குற பொடியைத் தூவித் தின்னுக்கிட்டு பள்ளிக்கூட வாசல்லயே கெடந்தாங்க. பரீட்சை வந்துச்சு. ஒருத்தர்கூடத் தேறல. அதுல என் பொண்ணு நெய்மோஜும் ஒருத்தி. உன் வகுப்புல கடைசி பெஞ்சு, வாயே தொறக்காது, அதேதான். தேறினாத்தான் பெரிய தீவுல ஹைஸ்கூலு. இது அவளுக்கு ரெண்டாவது தடவை. இதுலயும் போச்சுன்னா வயசு தாண்டிடுச்சுன்னு சேத்துக்க மாட்டாங்க. அப்புறம் என்ன, என்னை மாதிரி கொப்பரை சுமக்க வேண்டியதுதான்.

நான் படிச்சது ரெண்டாவது வரைக்கும். மிச்சத்தைக் கப்பல்காரனுங்க சொல்லிக்குடுத்தானுங்க. காஞ்ச கொப்பரையை ஈரம்னு சொல்லி எடையைக் கொறைப்பான். முதல் கப்பல்ல ஏமாந்தேன், ரெண்டாவதுல அழுதேன், மூணாவதுல அவன் ஏணியைத் தூக்கி ஒளிச்சு வெச்சுட்டேன். எப்படி ஏறுவான் கப்பலுக்கு? வழிக்கு வந்து ஒழுங்கா எடை போட்டான். அன்னிலேர்ந்து இந்தக் கடலோரத்துல எங்கிட்ட எவனும் வாலாட்டறதில்ல.

இதோ, சத்தம் கேக்குதா? கேக்குது. உக்காரு, உக்காரு, இன்னும் தூரத்துல இருக்கு.

ரெண்டு வாரத்துக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு பெட்டி? கொசுவலைகூட சுருட்டி வெச்சிருக்கே. இல்ல இல்ல, நான் தொறந்து பாக்கல, பெட்டி ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு.

வந்துடுச்சு பாரு. தாழப் பறக்குது. எறங்கலையா? எறங்காது. வட்டம் போடுது.

ஏன்னா, அந்தத் துணி. காயப்போட்டதுன்னு நெனச்சியா? நீ கப்பல்ல வந்தவ, உனக்கு எப்படித் தெரியும். சிவப்புத் துணி விரிச்சிருந்தா பாதை சரியில்ல, எறங்காதேன்னு பைலட்டுக்குச் சேதி. விரிச்சது நான்தான். மூணு வட்டம் போடுவாரு, நல்ல மனுஷன், அப்புறம் போயிடுவாரு. ஓடாதே. கல்லை நீ தூக்கினா நான் ஏஜென்ட்டு, கையை ஆட்டி பைலட்டைப் போகச் சொல்லிடுவேன். கத்தாதே. எனக்கும் கத்தத் தெரியும்.

தெனம் சாயந்திரம் என் கடை ரேடியோவுலதானே மஜுரோவுக்குப் பேசுவே. உங்க பாஷை எனக்குப் புரியாதுதான். ஆனா அந்தப் பக்கம் பேசுறவன் குரல் தெரியாதா? ஆறு மாசம் என் வீட்டுல சீமைப்பலாவும் மீனும் தின்ன குரலு அது. அவன் சிரிப்பு எனக்குத் தெரியும் டீச்சர். மஜுரோவுல உன்னைக் கூப்பிட வரப்போறது அவன்தான். அவன்கூட சேந்து நீயும் அப்படியே உங்க ஊருக்குப் போகப் பாக்குறே.

இல்லைன்னு சொல்லு பாப்போம். சொல்ல மாட்டே. நீ அவ்வளவு கெட்டவ இல்ல.

ரெண்டாவது வட்டம்.

வாக்கு வேண்டாம், அவனும் குடுத்தான். இடுப்புப் பையில இருக்கிற பாஸ்போர்ட்டை எடு. மஜுரோ போக அது எதுக்கு? தீவு விட்டுத் தீவு போறதுக்கு எவன் கேக்குறான்? அது எங்கிட்ட இருக்கட்டும், தகர டப்பாவுல போட்டு ஈரம் படாம வெப்பேன். தப்புதான். எனக்கும் தெரியும் தப்புன்னு. போலீசு அடுத்த கப்பல்ல வரட்டும், நான் எங்கயும் போகல.

குடுத்துட்டியா. ம். இதோ, மடியில வெச்சுக்கிட்டேன்.

நெய்மோஜ், தென்னை மறைவுல நின்னது போதும், வந்து துணியைச் சுருட்டுடி. சீக்கிரம். டீச்சர் மொகத்தைப் பாக்காதே, கல்லைப் பாத்து எடு.

போயிட்டு வா. நல்லா சாப்பிடு, கடல்ல குளி, அவன்கூட சண்டை போடு. போட்டு முடிச்சதும் நான் சொன்னதை அவன்கிட்ட சொல்லு. அவன் நடுவுல விட்டுட்டுப் போன கணக்குப் பாடம், பள்ளிக்கூடப் பின்னறையில சாத்தி வெச்ச பழைய கரும்பலகையில அழிக்காம அப்படியே கெடக்கு. நாங்க யாரும் அழிக்கல. லீவு முடிஞ்சு வர்ற மொதல் ப்ளேன்ல உன்கூட அவனும் வந்து எறங்கணும். அந்தப் பலகை முன்னாடி நின்னு, என் பொண்ணு கண்ணு முன்னாடி, அதை அவனே போட்டு முடிக்கணும்.