புகை அளக்க வந்தவள்

— பார்த்து வாங்க மேடம். கீழே ஒயர் கிடக்குது, கால் தட்டும்.

— என்ன ஒயர்?

— ஏதோ ஒயர்... உட்காருங்க. நாற்காலி துடைச்சுத்தான் இருக்கு.

— மேடமாம். ஆறு வருஷம் குடித்தனம் பண்ணினப்ப ஒரு நாளாவது இந்த மரியாதை கிடைச்சிருந்தா...

— அப்ப நீ என் பெண்டாட்டி. இப்ப மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. நீ கையெழுத்து போட்டாத்தான் இந்த ஆஸ்பத்திரியில என் கேஸ் இன்ஜின் ஓடும்.

— அந்தப் பயம் இருக்கட்டும். முழு லோடுல ஓடுதா?

— ஓடுது. சலவைக்கூடத்துல இருக்கிற போர்வை அத்தனையும் போடச் சொல்லிட்டேன். வெந்நீர் இழுத்தாத்தான் இது ஒழுங்கா ஓடும். பாதி லோடுல விட்டா எரியாத கேஸ் அப்படியே சிம்னி வழியாப் போயிடும்.

— நான் வர்ற நாள்லதான் ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் அழுக்காகுதா?

— அப்படித்தான் வச்சுக்கயேன்.

— சரி, கருவியோட குழாயைச் சிம்னியில சொருகறேன். கொஞ்ச நேரம் ஆகும்.

— ஆகட்டும். யாருக்கு என்ன அவசரம்.

— காதுக்கு ஏதாவது அடைச்சுக்கக் கூடாதா? இந்தச் சத்தத்துல நின்னு நின்னுதான் நான் பேசினது எதுவும் உங்க காதுல விழாமப் போச்சு.

— விழுந்துச்சு... பதில்தான் வரலை.

— இதை அப்பவே சொல்லியிருக்கலாம்.

— ம்.

— கேஸை எரிச்சு கரண்ட் எடுக்கறீங்க. மிச்சச் சூட்டைக்கூட விடாமப் பிடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்கே வெந்நீர் கொடுக்கறீங்க. வீட்டுல நான் கொதிச்சதெல்லாம்...

— வீணாப் போச்சு. இப்பத் தெரியுது.

— அளவு வந்துடுச்சு. எல்லாம் வரம்புக்குள்ளதான். இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம்.

— ஓட்ட மாட்டாங்க. மாசக் கடைசியோட நிறுத்தறாங்க. கரண்டை வெளியில வாங்கிக்கப் போறாங்களாம். என்னை வேற ஊருக்கு மாத்தியாச்சு. அங்க வெறும் பாய்லர்தான். புகை அளக்கவும் வேற ஆள்.

— வந்ததும் சொல்றதுக்கென்ன?

— சொன்னா குழாயை உருவிக்கிட்டுக் கிளம்பிடுவே.

— குழாய் இன்னும் உள்ளேதான் இருக்கு.

— கருவியை அணைக்கலையா? அளவுதான் வந்துடுச்சே.

— இன்னொரு தடவை பார்க்கறேன்.

— எதுக்கு?

— ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை. சொல்லு.

— இந்தச் சிம்னியோட அளவெல்லாம் எங்க ஆபீஸ் ஸ்கிரீன்லயே வந்துக்கிட்டிருக்கு. மூணு வருஷமா இங்க யாரும் நேர்ல வர வேண்டியதே இல்லை. நான் லீவு போட்டுட்டுத்தான் வர்றேன்.

— தெரியும். அளவை உங்க ஆபீஸுக்கு அனுப்பறது கீழே கிடக்கிற அந்த ஒயர்தான். இழுத்து மாட்டினதே நான்தான். இனி நீ வரப்போறதில்லைன்னு நினைச்சேன்... அந்த வருஷமும் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னே. நான் நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன்.