நிறமில்லாத டிகிரீசர்

கார்புரேட்டர் கழுவ மண்ணெண்ணெய் போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை, சார். பிசுக்கு போகும், ஆனால் மேலே ஓர் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். பெட்ரோல் நன்றாகக் கழுவும். பீடி பிடிக்கிற மச்சினன் இருக்கிற வீட்டில் அது ஆபத்து. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும்.

மச்சினன் என்றது பினுவை. என் மனைவி ஜிஷாவின் தம்பி. கரமனையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்தான். ஆறு வருடம் ஆயிற்று. என் வெள்ளை ரம்மைக் குடித்துவிட்டு, அளவு குறையாமல் பைப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பான். போன கிறிஸ்துமஸுக்கு நான் குடித்தது முழுக்கக் கரமனைத் தண்ணீர்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு என் பழைய பியட் மேல் கண் வைத்தான். அதை ஆக்கிரிக் கடைக்கு, பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, ஷெட்டைத் தனக்கு அறையாக்க வேண்டுமாம்.

"அத்தானுக்கு இனி அந்த வண்டி எதுக்காக்கும்?" என்றான், என் முன்னாலேயே. ஜிஷாவும் சரி என்றாள். ஆக்கிரிக்காரனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடுகிற வண்டியை யாரும் உடைக்கக் கொடுக்க மாட்டார்கள். அதனால் கார்புரேட்டரைக் கழுவி மாட்டிவிடலாம் என்று சாலைக் கடைத்தெருவில் வீரபாண்டியின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பிசுக்கு எடுக்கிற டிகிரீசரில் பச்சை, நீலம் என்று எடுத்துக் காட்டினார். நிறமும் மணமும் இல்லாததாகக் கேட்டேன்.

"பிசுக்கு போனா போதாதா அண்ணாச்சி? மணத்த வச்சு என்ன செய்யப் போறீய?"

நியாயமான கேள்வி. மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். உள்ளேயிருந்து ஒரு கேன் வந்தது. வாயில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி இரண்டு தரம் சொன்னார். நல்ல மனுஷன், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கார்புரேட்டர் பளபளவென்று ஆனது. மிச்சத்தை ஊற்றி வைக்க வேறு பாத்திரம் அகப்படாததால் ரம் குப்பியில் ஊற்றினேன். குப்பியை வழக்கமான அலமாரியில் வைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. 'விஷம். குடித்தால் சாவாய்' என்று கொட்டை எழுத்தில், சுத்தத் தமிழில் எழுதி ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பினு குப்பியை எடுத்தான். தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"இது என்ன அத்தான், குப்பியிலயும் வேத வசனமா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஏன் மலையாளத்தில் எழுதவில்லை என்கிறீர்கள். அவன் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் பேசுவான், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும், சார். சர்ச்சில் அவன் பாடுகிற தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பவனே நான்தான். ஆனால் வசனமா என்றுதானே கேட்டான்? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பேன். டம்ளரைக் கழுவி அவன் கையில் கொடுத்தேனே, அப்போதாவது கேட்டிருக்கலாம்.