அண்ணன் கேட்காத கேள்வி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் சலவை நிலையத்தில் எனக்கும் ஒன்று உண்டு, ஆனால் நான் உட்காருகிற ஆள் இல்லை. காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றால், சாயங்காலம் கடைசி ஆள் போகும்வரை கால்தான் எனக்கு நாற்காலி. பதினோரு வருடமாக மேற்பார்வையாளர் வேலை. ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அண்ணன் தங்கமான மனுஷன் என்பார்கள்.

உங்கள் கேள்வி ஒன்றுதான், அதை நேற்றிலிருந்து நான்கு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். சிட்டுவின் வலது கை இஸ்திரி உருளையில் சிக்கியது பத்து மணி இருபது நிமிடத்துக்கு. உருளை நின்றது பத்தொன்பது நொடி கழித்து. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. கூடத்தில் இருபத்துமூன்று பேர். ஏன் ஒருவர்கூட அழுத்தவில்லை? கேமராவில் பார்த்திருப்பீர்கள், இருபத்துமூன்று பேரும் வாசல் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். வாசல் அந்தப் படத்துக்குள் வரவில்லை. அங்கே யார் நின்றார் என்று கேட்டதற்கு, அண்ணன் அப்போது வெளியே போயிருந்தார் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. அது பாசம். சிட்டு மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, "அவரையே கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். நான்தான் நின்றேன். இன்னொன்று, உங்கள் அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் வேண்டாம். அந்த உருளைக்கு நான் மாதாமாதம் என் கையால் எண்ணெய் போடுகிறேன். அதன் மேல் ஒரு குறையும் கிடையாது.

எனக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளர் காட்டுக்கத்தல் கத்துவார். ஒரு விரிப்பில் கறை தெரிந்தால் தெருக்கோடிவரை கேட்கும். ஆனால் அவர் முதுகைத் திருப்பினால் போதும், கூடம் முழுக்கச் சிரிப்புதான். மடிப்புப் பகுதிக்காரர் அவர் மாதிரியே கத்திக் காட்டுவார், பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. அவரைப் பார்த்துதான் நான் பாடம் படித்தேன். நான் குரைப்பதே இல்லை என்று முடிவு செய்தேன்.

நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. காலையில் உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேன். அவ்வளவுதான். "ஆச்சுண்ணே" என்று ஒரு சிரிப்போடு போவார்கள். வீட்டில் மாமியார் கேட்காததை, பெற்ற பிள்ளை கேட்காததை நான் கேட்கிறேன் என்று ஒரு அம்மா கண் கலங்கியிருக்கிறார். ஒரு சின்னக் கேள்விக்கு மனிதர்கள் எப்படி உருகிவிடுகிறார்கள் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அதில் இன்னொரு விஷயம் இருப்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. அந்த மடிப்புக்காரர் ஒருமுறை என்னைப் போல் நடித்துக் காட்டியதாகக் காதில் விழுந்தது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. மறுநாள் அவர் வந்தபோது மட்டும் நான் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் வந்தவரைக் கேட்டேன், பின்னால் வந்தவரைக் கேட்டேன். மதியம் பார்க்கிறேன், சாப்பாட்டு மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேடம். மூன்றாம் நாள் அவரே என் அறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்களா? ஒண்ணுமில்லையே. சாப்பிட்டாச்சா?"

ஐம்பது வயது மனிதர், அங்கேயே தேம்பி அழுதுவிட்டார். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து அவரைப் போல ஒழுங்கான ஆள் எங்கள் கூடத்தில் கிடையாது. நடித்துக் காட்டுவதும் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலைந்து தடவை, ஆளுக்குத் தகுந்த மாதிரி இரண்டு நாள், மூன்று நாள். அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. போகப்போக எல்லாரும் ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். சன்னலைத் திறக்கலாமா, விசிறியைப் போடலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு பார்வை. நான் லேசாகத் தலையசைப்பேன். மற்ற இடங்களில் எல்லாம் கூட்டம் போட்டுக் கத்துகிறார்கள், நம் இடத்தில் ஈ பறந்தால் கேட்கிறது என்று முதலாளியே ஒருமுறை சொன்னார்.

சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சுறுசுறுப்பைப் பார்த்து வைத்த பெயர் அது. நாற்பது வயது, துடுக்கான வாய், கை அதைவிட வேகம். உருளையில் ஈர விரிப்பைக் கொடுப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்து, உருளையின் வாயில் வைத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். சிட்டுவும் நெட்டையும் ஏழு வருட ஜோடி. நெட்டை என்பது இன்னொரு பெண், அவருடைய உயரத்துக்குத்தான் அந்தப் பெயர். நெட்டை "விடு" என்பார், இருவரும் விடுவார்கள். ஒரு நாளில் ஆயிரம் முறை அந்த "விடு" கேட்கும். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே செய்வார்கள், ஒரு சுருக்கம் விழாது.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை தானாக நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், விரிப்பின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றால் வேலை எப்படி ஓடும்? நான் ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியை இறுகக் கட்டிவைத்தேன். எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதலாளி ஒருநாள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். சிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இந்தக் கம்பியத் துணியால கட்டி வச்சிருக்காங்க. கை மாட்டினா நிக்காது."

நான் சிரித்தேன். "சரியாத்தான் சொல்றாங்க, அவுத்துடலாம்" என்று சொல்லி, முதலாளி பார்க்கும்போதே நானே அவிழ்த்தேன். சிட்டுவுக்கு எல்லார் முன்னாலும் நன்றியும் சொன்னேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மறுபடி கட்டினேன்.

மறுநாள் காலையிலிருந்து அவரைக் கேட்கவில்லை. இரண்டு நாளில் வந்து நிற்பார் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. தனியாகவே சாப்பிட்டார், தனியாகவே தண்ணீர் குடித்தார். "உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று ஒருநாள் நெட்டையைக் கேட்டிருக்கிறார். நெட்டை என்னைத்தான் பார்த்தார். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. "விடு" என்பதும் நின்றுபோயிற்று. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். விரிப்புகளில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. அதை நான் கவனித்தேன். ஏன் விழுகிறது என்றும் எனக்குத் தெரியும். கம்பி கட்டியிருப்பதும் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை. எல்லாரையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சிட்டு வந்தார். தாண்டிப் போகவில்லை. என் எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அண்ணே, சாப்பிட்டாச்சா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் மடிப்புக்காரர். பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். கோபமில்லை என்று எத்தனை தடவை சொல்வது, மேடம்.

பத்து இருபதுக்கு நெட்டை தன் முனையைச் சொல்லாமல் விட்டார். விரிப்பு சுருண்டது, அதை நீவிவிட சிட்டு கையை நீட்டினாள். அப்புறம் அந்தச் சத்தம். நான் வாசலில் தேநீர்க் குவளையோடு நின்றேன். நெட்டையின் கை பொத்தானை நோக்கிப் பாதி தூரம் போனது, அப்படியே நின்றது, என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மடிப்புக்காரரும் பார்த்தார். காலையில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டாளே, இப்போது யாரைக் கேட்கிறார்கள் என்று அவளும் பார்க்கட்டும் என்று இருந்தது. அவளுக்கும் கண் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை. நெட்டையைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தேநீர் கொஞ்சம்தான் மீதி இருந்தது. குடித்து முடித்தேன். தலையசைத்தேன். நான்கு பேர் ஒரே பாய்ச்சலில் பொத்தான் மேல் விழுந்தார்கள், நான்கு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக. அப்படி ஓர் ஒற்றுமையை வேறு எந்த இடத்திலும் நீங்கள் பார்க்க முடியாது. முதல் இரண்டு நொடியில் நிறுத்தியிருந்தால் விரல் நுனியோடு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம். மறுநாள் காலையில் மீதிப் பேர் எல்லாரையும் வாசலில் நின்று கேட்டேன். ஒருவர் விடாமல் "ஆச்சுண்ணே" என்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, அது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இவ்வளவுதான். இயந்திரத்தில் கோளாறு இல்லை, அதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களிலும் கோளாறு இல்லை, நல்ல பிள்ளைகள். தலையசைத்தால் போதும் என்று தெரிந்தே நான் அசைக்கவில்லை. இதற்குப் பெயர் என்ன என்று நீங்கள் எழுதுகிறீர்களோ, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பேனா வேண்டும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற இவருடைய சட்டைப்பையில் இன்னொன்று இருக்கிறது, ஆனால் கேட்டு இவ்வளவு நேரமாகியும் எடுக்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன். நீங்களும் குரலை உயர்த்துவதில்லை என்று வந்த அன்றே கவனித்தேன், மேடம்.